சுருட்டு என்ற சொல்லுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்: அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் அகராதி தொகுக்கிற, திருத்துகிற, அச்சுக்குக் கொடுக்கிற எல்லாப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் காசிமேடு. தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை, துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒரே ஒரு சொல்லுக்காக உங்களிடம் வந்திருக்கிறேன். அந்தச் சொல் சுருட்டு. உங்கள் அகராதியில் அதற்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை, ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன மாதம் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று தலைப்பு. கட்டுமரம் இருந்தது, மிளகுத்தண்ணீர் இருந்தது, வெட்டிவேர் இருந்தது, சரி என்று படித்துக்கொண்டே வந்தால் சிகார் என்ற சொல்லும் சுருட்டிலிருந்து பிறந்தது என்று ஒரு வரி. அது தப்பு. சுருட்டிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல் செரூட். சிகார் என்பது ஸ்பானியர்களின் சிகாரோ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் முன்னால் அது நடு அமெரிக்காவின் மாயா மக்கள் புகைப்பதற்குச் சொன்ன சொல்லாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. நம் சொல்லுக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. மகளுக்கு விளக்கிச் சொல்லலாம் என்று வீட்டில் இருக்கும் அகராதியைப் புரட்டினேன். புகைப்பதற்காகச் சுருட்டிய புகையிலை என்று ஒரு வரி. நண்பர் வீட்டில் இருந்த இன்னொரு அகராதியில் அதைவிடச் சின்ன வரி. செரூட் என்ற பேச்சே இரண்டிலும் இல்லை. எங்கிருந்து வந்தது, எங்கே போனது, யார் வாயில் இருந்தது, எதுவும் இல்லை.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு என் ஆயா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவை ஆயா என்போம். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு கல்மண்டபம் வரை நடந்து போய் விற்றுவிட்டு, பத்து பதினோரு மணிக்குத் திரும்பி வந்து, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைப்பார். அந்தத் தெருவில் அப்படி ஏழெட்டுக் கிழவிகள் இருந்தார்கள். யாரும் அதை ஒரு அதிசயமாகப் பார்த்ததில்லை. பாதி இழுத்ததும் சுவரில் தேய்த்து அணைத்துவிட்டு, மிச்சத் துண்டைக் காதில் சொருகிக்கொள்வார், சாப்பாட்டுக்குப் பிறகு அது மறுபடியும் வரும். "அந்தத் துண்ட எடுத்தா கண்ணு" என்று அவர் கேட்டால், துணியா, மீன் துண்டா, சுருட்டுத் துண்டா என்று எனக்கு எந்தச் சந்தேகமும் வராது, நேரத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

ஆயா சுருட்டைக் குடிப்பேன் என்று சொல்ல மாட்டார், பிடிப்பேன் என்பார். அடுத்த வீட்டுக் கிழவர் குடிப்பார். என் மாமா பீடியை வலிப்பார். இளவட்டங்கள் சிகரெட்டை ஊதுவார்கள், இல்லாவிட்டால் இஸ்துக்கினு இருப்பார்கள். ஒரே புகைக்கு இத்தனை வினை. எந்தப் பொருளோடு எந்த வினை சேரும், யார் வாயில் எது வரும் என்பது எங்களுக்கெல்லாம் தானாகத் தெரியும், ஆனால் வெளியூரிலிருந்து தமிழ் கற்றுக்கொள்ள வருகிற ஒருவருக்கு எந்தப் புத்தகம் இதைச் சொல்லித் தரும்? புகைபிடித்தல் என்ற எழுத்துத் தமிழ்ச் சொல்லில்கூட அந்தப் பிடி இருக்கிறது பாருங்கள். ஆயா பேசிய தமிழும் நீங்கள் எழுதுகிற தமிழும் அங்கே ஒன்றாகத்தான் இருக்கின்றன.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருகிறேன். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இதை ஒரு சாதாரண வாசகன் எவ்வளவு ஆசையோடு படிப்பான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுருள் என்பது தானாக நடப்பது. இலை காய்ந்தால் சுருள்கிறது, முடி சுருள்கிறது. அதையே ஒரு கை செய்தால் சுருட்டுகிறது. உருள், உருட்டு. திரள், திரட்டு. மருள், மருட்டு. கடைசியில் நிற்கும் ள் போய் ட்டு வருகிற இந்த வரிசையைப் பத்தாம் வகுப்பில் எங்கள் தமிழ் ஐயா தன்வினை, பிறவினை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, அது தேர்வுக்கு என்றுதான் நினைத்தேன், நம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற பொருள் அந்த வரிசையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை. சுருட்டு என்கிற வினைப்பகுதி அப்படியே, ஒரு விகுதியும் ஒட்டாமல், பெயராக நிற்கிறது. செய்கிற தொழிலின் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவருகிறது. பொங்கல், வற்றல் என்று சொல்கிறோமே, பொங்குவதும் வற்றுவதும் தொழில், தட்டில் இருப்பது பொருள், அதே தொழிலாகுபெயர்தான். ஒரு கை ஒரு இலையைச் சுருட்டியது என்ற செய்தி முழுதும் நான்கு எழுத்துக்குள் இருக்கிறது.

அதன் குடும்பத்தைப் பாருங்கள். பாயைச் சுருட்டுகிறோம். தூக்கத்தில் இருப்பவன் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுகிறான். நாய் வாலைச் சுருட்டிக்கொள்கிறது. சுருட்டை முடி, சுருட்டை விரியன், சுருள்வாள். தெற்கே கல்யாண வீடுகளில் வெற்றிலைக்குள் பணம் வைத்துக் கொடுப்பதைச் சுருள் என்கிறார்கள். சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவனைப் பற்றி எங்கள் தெருவில் "மொத்தத்தையும் சுருட்டிக்கினு பூட்டான்" என்று பேசுவார்கள், அங்கே பணம் பாய் மாதிரி ஆகிவிடுகிறது, அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். இதையெல்லாம் ஒரே பக்கத்தில், ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதாகக் காட்டினால் படிக்கிற பிள்ளை விடுமா? இப்போது என்ன நடக்கிறது என்றால், சுருட்டு 1, சுருட்டு 2 என்று எண் போட்டுப் பிரித்துவிடுகிறீர்கள், வினை ஒரு மூலையிலும் பெயர் ஒரு மூலையிலும் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன.

அடுத்து, காலம். புகையிலை இந்த மண்ணின் செடி இல்லை. அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. அக்பர் அரசவைக்கு அது பீஜப்பூரிலிருந்து போய்ச் சேர்ந்தது 1604, 1605 வாக்கில். ஆக, பொருள் நமக்குப் புதிது. ஆனால் அதற்குப் பெயர் வைக்க நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை. புகை, இலை, இரண்டையும் சேர்த்துப் புகையிலை. தெலுங்கில் பொகாக்கு, மலையாளத்தில் புகயில, கன்னடத்தில் ஹொகெசொப்பு, எல்லாமே புகையும் இலையும்தான். இலங்கையில் சிங்களவர்கள் சொல்லும் தும்கொள என்பதும் புகை இலை. டொபாக்கோ என்ற சொல் உலகம் முழுக்கச் சுற்றி வந்தபோது நம் பக்கத்து மொழிகள் எல்லாம் அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தங்கள் சொல்லைப் போட்டிருக்கின்றன. அப்புறம் அந்த இலையைச் சுருட்டினார்கள், சுருட்டு ஆனது. பாயையும் துணியையும் சுருட்டிய பழைய சொல் புதுப் பொருளுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம்.

தாமஸ் பௌரி என்று ஒரு ஆங்கிலக் கப்பல்காரர் இருந்தார். 1669 முதல் 1679 வரை சோழமண்டலக் கரையிலும் வங்கக் கடலைச் சுற்றியுள்ள ஊர்களிலும் திரிந்து, பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் படி 1905இல்தான் அச்சில் வந்தது. அதில் அவர் சொல்வது இது: இங்கே இருக்கிற ஏழைகள், ஜெண்டூக்களும் மலபார்களும், புகையிலையை மிக எளிய முறையில் புகைக்கிறார்கள். இலையை அப்படியே சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறு முனையை உதட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பங்கோ என்று பெயர், போர்த்துகீசியர் செரூட்டா என்கிறார்கள். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது. என் ஆயா வாசற்படியில் செய்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எளிய முறைதான், ஆனால் இதுவே புகைப்பதற்கு முதல் முறையாக இருந்திருக்கும் என்று எண்ணுவதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

ஜெண்டூ என்றால் அன்றைய ஐரோப்பியர் பேச்சில் தெலுங்கர். மலபார் என்றால்? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மலபார் என்று பார்த்தவுடன் கேரளம் என்று எடுத்துக்கொண்டு, செரூட் மலையாளச் சொல்லிலிருந்து வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அன்றைக்குப் போர்த்துகீசியரும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் தமிழரையும் மலபார் என்றுதான் சொன்னார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், முகப்பில் தன் மொழியை மலவார் தமிழ் என்றே சொல்லிக்கொள்கிறது. இந்தக் கரையில் ஜெண்டூக்களோடு சேர்த்து ஒருவர் மலபார் என்று எழுதினால் அவர் பார்த்துக்கொண்டிருப்பது தமிழரைத்தான்.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது, அதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். மலையாளத்திலும் இதே சொல் இருக்கிறது, அங்கே முதல் எழுத்தைப் பச்சை, அச்சம் என்பதில் வருகிற அழுத்தமான ச மாதிரி ஒலிக்கிறார்கள். நாம் சென்னையில் சுருட்டு என்பதை சோறு, சந்தை மாதிரி மெல்லிய ஒலியில் சொல்கிறோம். செரூட் என்ற ஆங்கிலச் சொல்லில் இருப்பது அந்த அழுத்தமான ஒலி. அதனால் மலையாளத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் கோபப்பட ஒன்றுமில்லை. போர்த்துகீசியருக்கு மேற்குக் கரை, கிழக்குக் கரை இரண்டும் பழக்கம். அவர்கள் இன்றும் சுருட்டுக்கு ஷாரூத்து என்றுதான் சொல்கிறார்கள். செட்டி என்ற சொல்லை ஆங்கிலேயர் தங்கள் எழுத்தில் எழுதியபோதும் அதே அழுத்தமான ஒலிதான் போய் உட்கார்ந்தது. யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கில இந்தியச் சொற்களின் அகராதி, இது தமிழ்ச் சொல், புகையிலைச் சுருள் என்று பொருள் என்று தெளிவாகச் சொல்கிறது. வெளிநாட்டுக்காரர் இருவர் இதற்கு அவ்வளவு இடம் கொடுத்து, பழைய ஆவணங்களைத் தேடி ஒவ்வொன்றாக ஆண்டு போட்டு அடுக்கியிருக்கிறார்கள். நம் அகராதியில் ஒரு வரி.

நான் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனைக் கொண்டுவந்தது எத்தனை பெரிய உழைப்பு என்பது தெரியும். 1974இல் தேவநேயப் பாவாணரை இயக்குநராக வைத்துச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியதும், அது பிறகு தொகுதி தொகுதியாக வந்ததும் தெரியும். அவர்கள் எல்லாம் கையால் சீட்டு எழுதி அடுக்கிய காலம். இன்றைக்கு உங்களிடம் கணினி இருக்கிறது, இடம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிழவிகளும் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள்.

செரூட்டுக்கும் சிகாருக்கும் என்ன வித்தியாசம் என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் செரூட் என்றால் இரண்டு முனையும் வெட்டிவிட்டது போல மொட்டையாக இருக்கும், ஒரு பக்கம் கூம்பி மூடியிருக்காது. சிகார் என்றால் வாயில் வைக்கும் பக்கம் மூடியிருக்கும், வெட்டித் திறந்துதான் புகைக்க வேண்டும். சிகரில்லோ என்று ஒன்று இருக்கிறது, சிகாரோவோடு சின்னது என்று காட்டும் ஸ்பானிய விகுதி சேர்ந்தது, குட்டி சிகார். சிகரெட்டும் அதே மாதிரிதான், பிரெஞ்சுக்காரர்கள் சிகாருக்குப் பின்னால் தங்கள் சிறுமை விகுதியைப் போட்டுச் செய்த சொல். ஆக, ஒன்று அளவை வைத்து வந்த பெயர், இன்னொன்று முனையை வைத்து நிற்கிற பெயர். தமிழில் சுருட்டு எல்லாவற்றையும் குறிக்கும். பெரியது, சின்னது, கூம்பியது, மொட்டை, கையால் சுற்றியது, பெட்டியில் வருவது, எல்லாமே சுருட்டு. இங்கே அவ்வளவு அகலமாக இருந்த சொல் கப்பலேறிப் போய் அங்கே ஒரே ஒரு வகைக்குப் பெயராகக் குறுகிவிட்டது. கட்டுமரத்துக்கும் இதே கதைதான். எங்கள் காசிமேட்டில் மரங்களைச் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம், அங்கே போய் இரண்டு உடல் கொண்ட உல்லாசப் படகாக மாறிவிட்டது. ஒரு சொல் புறப்பட்டபோது என்னவாக இருந்தது, போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆனது என்பதை அகராதி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது அதிகமா?

இதை ஒட்டி இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். சிகரெட்டுக்கு வெண்சுருட்டு என்று ஒரு சொல் எழுத்தில் இருக்கிறது. நல்ல ஆக்கம்தான், பார்த்தவுடன் புரிகிறது. ஆனால் பெட்டிக்கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அகராதியில் அதைப் போடும்போது இது எழுத்து வழக்கு என்று ஒரு குறிப்புப் போட்டால் நல்லது. சிகரில்லோவுக்குச் சொல் வேண்டுமென்றால் குட்டிச் சுருட்டு என்றே வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். குட்டி விமானம், குட்டிக் கதை என்று நாம் பேசுகிறோமே, ஸ்பானியன் விகுதி போட்டுச் செய்ததை நாம் முன்னால் ஒரு சொல் போட்டுச் செய்கிறோம்.

சுருட்டின் சொந்தக்காரர்கள் வடசென்னையிலேயே எத்தனை பேர் என்று பாருங்கள். காசிமேட்டில் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து வந்த மீனவர்கள் நிறையப் பேர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் சுருட்டைச் சுட்ட என்பார்கள், தெலுங்கில் சுட்டு என்றால் சுற்று, வேறு சொல், அதே எண்ணம். அந்த வீட்டுப் பெரியம்மா நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார். சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்போம். கடற்காற்றில் அணையாது என்று காரணம் சொல்வார். அதற்கு அவர்கள் பேச்சில் அட்டபொக என்று ஒரு தனிப் பெயரே உண்டு.

அப்புறம் வியாசர்பாடி. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன, பர்மா பஜாரும் அத்தோ கடைகளும் சென்னைக்கு அவர்களால் வந்தவைதான். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் பாட்டி ரங்கூனில் பிறந்தவர். பர்மியச் சுருட்டைப் பற்றி அவரிடம் கேட்டேன். அங்கே அதைச் சே பொ லெய் என்பார்கள் என்றார். சே என்றால் மருந்து, புகையிலைக்கும் அதே சொல். பொ என்றால் காரம் குறைந்தது. லெய் என்றால் சுருட்டுவது. அவர் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொண்டே வந்து அந்தக் கடைசித் துண்டைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு கை இலையைச் சுருட்டியிருக்கிறது, அந்தக் கையின் வேலையையே பெயராக வைத்திருக்கிறார்கள். அந்தப் பர்மியச் சுருட்டைத்தான் ஆங்கிலேயர் நம் சொல்லை வைத்து பர்மா செரூட் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். மலாய் மொழியில் சுருட்டுக்குச் செருத்து என்று பெயர், வங்காளத்திலும் இந்தியிலும் சுருட், சிங்களத்தில் சுருட்டு. இத்தனை துறைமுகங்களில் இறங்கியிருக்கிறது இந்தச் சொல், அத்தனை ஊர்ப் பெயரும் அந்தப் பக்கத்தில் வர வேண்டும்.

தமிழகத்துக்குள்ளேயும் அப்படித்தான். திருச்சி உறையூர்ச் சுருட்டு எவ்வளவு பேர் பெற்றது என்றால், ஆங்கிலத்தில் திரிச்சினாப்பொலி என்ற ஊர்ப் பெயரே ஒரு வகைச் சுருட்டுக்குப் பெயராகி, செல்லமாக திரிச்சி என்றும் ஆனது. கோதாவரிப் பக்கத்துச் சுருட்டுக்கு லங்கா என்று பெயர், ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டுகளைத் தெலுங்கில் லங்க என்பார்கள், அந்தத் திட்டுகளில் விளைந்த புகையிலை. இலங்கைத் தீவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இதையும் தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனிக்குச் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் என்று ஒரு சொல் உண்டு. வரிசையாக உட்கார்ந்து சுருட்டுச் சுற்றுவார்கள், ஒருவர் மட்டும் சத்தமாகப் பத்திரிகை வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே உட்கார்ந்தே உலக அரசியல் பேசினார்கள். புகையிலையைப் பதப்படுத்தப் போடுகிற பாகுக்குக் கோடா என்று பெயர், அப்படிச் செய்தது கோடாச் சுருட்டு. கோடா என்ற சொல்லைத் தமிழகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஈழத்தமிழர் அகராதியில் நம் தமிழும், நம் அகராதியில் அவர்கள் தமிழும் இருக்க வேண்டாமா?

சாமியையும் விட்டுவிடக் கூடாது. ஆடி மாதம் எங்கள் தெருவில் கூழ் வார்க்கும்போது முனீஸ்வரனுக்குப் படையல் போட்டால் அதில் ஒரு சுருட்டு இருக்கும். பீடியோ சிகரெட்டோ வைத்து நான் பார்த்ததில்லை. செத்துப்போன தாத்தாவுக்குப் படைக்கும்போதும் அவர் பிடித்திருந்தால் சுருட்டு வரும். கடைக்காரரிடம் "சாமிச் சுருட்டு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் அவருக்குப் புரியும். இன்றைக்குச் சுருட்டு விற்பதே பாதி அதற்காகத்தான் என்று எங்கள் தெருமுனைக் கடைக்காரர் சொன்னார். படையல் என்ற பொருள் எந்த அகராதியிலாவது இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? நான் பார்த்த இரண்டிலும் இல்லை.

இதைப் படிக்கிற யாராவது, இவன் புகையிலைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். ஆயா வாய்ப்புற்றில்தான் போனார். கன்னத்துக்குள் முதலில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது, காரம் பட்டால் எரிகிறது என்று குழம்பை ஒதுக்கினார், அது புண்ணானது, கடைசி நான்கு மாதம் கஞ்சி இறங்குவதே கஷ்டமாக இருந்தது. பின்வீட்டுப் பெரியம்மாவுக்கு மேலண்ணத்தில் வந்தது. நெருப்பை வாய்க்குள் வைத்துப் புகைப்பவர்களுக்கு அந்த இடத்தில் வருவது அதிகம் என்று பின்னால் ஒரு மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நான் இதுவரை எதையும் புகைத்ததில்லை, என் பிள்ளை புகைக்கக் கூடாது. அந்தப் பொருள் இந்தத் தெருவை விட்டுப் போகட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பொருள் போகும்போது ஆயாவின் பேச்சும் சேர்ந்து போகிறது, அதைத்தான் பிடித்து வையுங்கள் என்று கேட்கிறேன். அவர் காதில் சொருகிய துண்டுக்கு ஒரு சொல், நன்றாகப் பற்றாமல் ஒரு பக்கமாக எரிவதற்கு ஒரு சொல், மழைக்காலத்தில் நமத்துப்போன சுருட்டுக்கு ஒரு சொல் என்று என்னென்னவோ வைத்திருந்தார். நமத்துப்போனது என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் போய்விட்டது. அப்போது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, எனக்குப் பன்னிரண்டு வயது.

எனவே நான் கேட்பது இதுதான். சுருட்டு என்ற பெயரை அதன் வினையோடு சேர்த்து ஒரே இடத்தில் வையுங்கள். பௌரி எழுதிய காலத்தைப் போடுங்கள், செரூட் ஆன வழியைப் போடுங்கள், மலையாளத்தின் பங்கைப் பெரிய மனதோடு போடுங்கள். சிகார் நம்முடையது அல்ல என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத் தாள்களில் அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வரும், ஒருநாள் விவரம் தெரிந்த ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பட்டியலில் இருக்கிற மற்றதும் இப்படித்தானா என்று கேட்டால், உண்மையாகவே நம்முடையதான செரூட்டையும் சேர்த்து இழந்துவிடுவோம். குடி, பிடி, வலி, ஊது என்று எந்த ஊரில் எந்த வினை வருகிறது என்று எழுதுங்கள். கொட்டிலையும் கோடாவையும் யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் கேட்டு வாங்குங்கள். உறையூரில் சுருட்டுச் சுற்றியவர்கள் இன்னும் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போங்கள், இலையின் ஒவ்வொரு பாகத்துக்கும், வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர்களிடம் சொல் இருக்கும். பள்ளிக்கு நான் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன், அந்தத் தாளைத் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த அகராதியைப் பார்த்துத் திருத்துவது என்று வகுப்பு ஆசிரியை என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்து இன்னும் மூன்று கிழவிகள் சுருட்டுப் பிடிக்கிறார்கள். ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது, ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். உங்களில் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு மீன் வாங்க ஊரே அங்கே இருக்கும், யாருக்கும் உட்காரக்கூட நேரம் இருக்காது. வேறு எந்த நாளாக இருந்தாலும் பதினோரு மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் விற்றுவிட்டுத் திரும்பி வந்து வாசற்படியில் உட்காருவார்கள். ஒரு மணிக்குத் தூங்கப் போய்விடுவார்கள். ஆடிக்குள் வந்துவிட்டால் நல்லது, மூவரில் மூத்தவருக்கு இந்த வருடம் உடம்பு சரியில்லை.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகன்